இன்சென்டிவ் போட்டும் லைன் ஓடவில்லை: ஆட்களுக்கு ஊக்கம் இல்லையா, வேறு ஏதாவதா?

#1 லைன்_இன்சார்ஜ்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். பெரிய கம்பெனி இல்லை, டி-ஷர்ட், போலோ, குழந்தைகள் நைட் டிரஸ் ஓடும். முன்பு பீஸ் ரேட்டில் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி) கான்ட்ராக்ட் ஆட்கள் இருந்தார்கள், பையர் ஆடிட் தொல்லை வந்ததும் முதலாளி எல்லோரையும் ஷிப்ட் சம்பளத்துக்கு மாற்றிவிட்டார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியதும் இன்சென்டிவ் ஆரம்பித்தோம். லைன் எஃபிஷியன்சி (அன்றைக்குத் தைத்திருக்க வேண்டிய பீஸில் எத்தனை சதவீதம் வந்தது என்ற கணக்கு) 55 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு லைனில் உள்ள எல்லோருக்கும் ஒரு தொகை, 65 தாண்டினால் இரண்டு பங்கு. மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் தனியாக அட்டெண்டன்ஸ் போனஸ். முதலில் நன்றாகத்தான் ஓடியது, ஆட்களே "இன்றைக்கு எத்தனை வந்தது" என்று பலகையைப் பார்த்துக் கேட்டார்கள். அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி இப்போது பழைய இடத்தில் நிற்கிறது, சில நாள் அதற்கும் கீழே. பலகையை யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

முதலாளி ஒரே முடிவாகச் சொல்கிறார்: "காசு கொடுத்தும் செய்யவில்லை என்றால் ஊக்கம் இல்லாத ஆட்கள். நல்ல மோட்டிவேஷன் பேச்சாளரைப் பிடி, சனிக்கிழமை மதியம் பேசச் சொல்." சம்பளம் போடும் சனிக்கிழமை மதியம் பேச்சாம். விசாரித்தேன், பேச்சாளர் கேட்கும் தொகைக்கு செகண்ட் ஹேண்டில் ஓவர்லாக் மெஷினே வாங்கிவிடலாம்.

இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பணத்தால் ஊக்கம் வராது என்பது உண்மையா? அப்படியென்றால் எதனால் வரும்?

#2 ஓஎம்ஆர்_ஹெச்ஆர்

உங்கள் முதலாளி பாதி சரி. ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-லேயே சொல்லிவிட்டார்: சம்பளம், சூழல், மேலதிகாரி நடத்தும் விதம் எல்லாம் சரியாக இருந்தால் அதிருப்தி குறையும், அவ்வளவுதான். ஊக்கம் வருவது சாதித்தோம் என்ற நினைப்பு, அங்கீகாரம், பொறுப்பு, முன்னேற்றம் இவற்றால். நீங்கள் பணத்தை மட்டும் வைத்தீர்கள், பணம் பழகிப்போனது. மாதத்தின் சிறந்த ஊழியர் என்று அறிவியுங்கள், போட்டோ மாட்டுங்கள், குடும்பத்தோடு கூப்பிட்டுப் பாராட்டுங்கள். நாங்கள் செய்கிறோம், நல்ல பலன் இருக்கிறது.

#3 சும்மா_வந்தவன்

எங்கள் ஆபீஸில் அந்த போட்டோவில் இருந்தவர்தான் அடுத்த மாதம் பேப்பர் போட்டார். போட்டோவை மட்டும் இன்னும் கழற்றவில்லை.

#4 பேட்லாக்_அக்கா

தம்பி, நான் கைமடியில் (டெய்லருக்கு உதவி வேலை) ஆரம்பித்து, பேட்லாக் மெஷின் ஓட்டி, இப்போது வேறு ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். இன்சென்டிவ் போட்ட முதல் மாதம் என்ன ஆர்டர் ஓடியது? ஒரே ஸ்டைலா?

எதற்குக் கேட்கிறேன் என்றால், ஒரே ரவுண்ட் நெக் தொடர்ந்து ஓடினால் எந்த டெய்லருக்கும் கை தானாக ஏறும். முதல் நாள் தடுமாறுவார்கள், நான்காவது ஐந்தாவது நாளில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். அதே ஆட்களுக்குத் திடீரென்று கழுத்துக்குக் கீழே பட்டன் பட்டி வைத்த போலோ கொடுத்தால் பட்டி வைக்கிற இடத்தில் குவியும், அடுத்த மெஷின் சும்மா நிற்கும். அந்தப் போலோ சின்ன ஆர்டர், கை ஏறுவதற்குள் முடிந்துபோகும், அடுத்த ஸ்டைல் வரும். இப்படி ஸ்டைல் மாறிக்கொண்டே இருந்தால் 55 என்ன, 45-ஐத் தொட்டாலே பெரிது. இதில் டெய்லர் என்ன செய்ய முடியும்?

இன்னும் இருக்கிறது. காலையில் எட்டரைக்கு உட்காருகிறோம். கட்டிங்கிலிருந்து பீஸ் வராது. கேட்டால் டையிங்கிலிருந்து துணி லேட், வந்த துணியில் ஷேடு வேறு, பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பார்கள். பீஸ் வந்தால் லேபிள் வந்திருக்காது. லேபிள் வந்தால் நூல் கலர் சேராது. நூல் வந்தால் ஓவர்லாக் ஊசி முறிந்து நிற்கும், மெக்கானிக் ஒருவர்தான், அவர் வேறு லைனில் இருப்பார். எல்லாம் சரியாகிறபோது மணி பதினொன்று. அப்புறம் "ஏம்மா பலகையில் எண் வரவில்லை, கைவேகம் காட்டுங்கள்" என்று நீங்கள் வந்து நிற்பீர்கள். உங்களைச் சொல்லவில்லை, எல்லா இன்சார்ஜும் இப்படித்தான்.

ஒரு டெய்லர் இதை எப்படிப் பார்ப்பாள் தெரியுமா? முதல் மாதம் வேகமாக அடித்தேன், காசு வந்தது. இரண்டாம் மாதமும் அதே வேகத்தில்தான் அடித்தேன், பீஸ் வராததால் காசு வரவில்லை. சரி, வேகத்துக்கும் காசுக்கும் சம்பந்தம் இல்லை போலிருக்கிறது. அந்த முடிவுக்கு வந்தபிறகு எந்தப் பேச்சாளர் வந்து மேடையில் குதித்தாலும் மாறாது. அவள் சோம்பேறி ஆகவில்லை, கணக்கைப் புரிந்துகொண்டாள்.

#5 லைன்_இன்சார்ஜ்

அக்கா, முதல் மாதம் ஓடியது ஒரே ஐரோப்பிய ஆர்டர். சாதா ரவுண்ட் நெக், நாலு கலர், கட்டிங் முன்கூட்டியே முடிந்து ரேக்கில் அடுக்கி இருந்தது. அதற்கப்புறம் எல்லாம் சில்லறை ஆர்டர்கள். இதை இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவே இல்லை, முதலாளியும் யோசிக்கவில்லை. பலகையில் எண் ஏறியது, இன்சென்டிவால்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

#6 எண்ணும்_ஆள்

(கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன், கார்மெண்ட் தெரியாது, கணக்கு தெரியும்.)

அக்கா சொன்னதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். 30 டெய்லர், 8 மணி நேரம், ஆக 14,400 நிமிடம். ஒரு டி-ஷர்ட்டுக்கு எஸ்.ஏ.எம். (ஒரு பீஸ் தைக்க நிர்ணயித்த நேரம்) 8 நிமிடம் என்று வைத்தால் 100 சதவீதத்துக்கு 1,800 பீஸ், 55 சதவீதத்துக்கு 990 பீஸ். இப்போது கட்டிங் வராமல் ஒன்றரை மணி நேரம் லைன் சும்மா நிற்கிறது என்று வையுங்கள். மிச்சம் இருப்பது 390 நிமிடம். மிச்ச நேரத்தில் அவர்கள் கை 60 சதவீத வேகத்தில் ஓடினாலும் பலகையில் வருவது 49-க்குப் பக்கம். பலகையில் 55 வரவேண்டுமானால் ஓடும் நேரத்தில் கிட்டத்தட்ட 68 சதவீத வேகத்தில் ஓட வேண்டும். அதாவது கட்டிங் செய்த தாமதத்துக்கு டெய்லர் வேகத்தால் ஈடுகட்டினால்தான் அவளுக்கு இன்சென்டிவ்.

பணத்தால் ஊக்கம் வராது என்று ஹெச்ஆர் நண்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை. எட்வர்ட் லேசியர் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவில் சேஃப்லைட் என்ற கார் கண்ணாடி கம்பெனியை ஆராய்ந்தார். 1990-களின் நடுவில் அவர்கள் மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறினார்கள். ஒரு ஆள் போடும் கண்ணாடி எண்ணிக்கை 44 சதவீதம் கூடியது. அதில் ஏறக்குறைய பாதிதான் அதே ஆட்கள் அதிகம் உழைத்ததால் வந்தது, மீதி பெரும்பாலும் வேகமான ஆட்கள் தேடி வந்து சேர்ந்ததாலும் தங்கியதாலும் வந்தது. ஆனால் அந்த வேலையைக் கவனியுங்கள். ஒரு ஆள், ஒரு கார், ஒரு கண்ணாடி. யார் போட்டது என்பதில் சந்தேகமே இல்லை. பணம் வேலை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் லைனில் ஒரு பீஸ் எத்தனை கை மாறுகிறது?

இன்னொரு ஆய்வும் உண்டு, இது நம் நாட்டுத் துணி ஆலைகளிலேயே நடந்தது. நிக்கோலஸ் ப்ளூம் குழு மும்பைக்குப் பக்கத்தில் நெசவு ஆலைகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு மட்டும் நிர்வாக ஆலோசகர்களை மாதக்கணக்கில் அனுப்பியது. அவர்கள் செய்தது சாதாரண வேலைகள்: மெஷின் பராமரிப்பைப் பதிவு செய்வது, எங்கே டேமேஜ் வருகிறது என்று எழுதுவது, நூல் ஸ்டாக்கை ஒழுங்காக அடுக்குவது, இப்படி. முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

#7 ஓஎம்ஆர்_ஹெச்ஆர்

கட்டிங் லேட் என்பதெல்லாம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதரை வெறும் கணக்குப் போடும் இயந்திரமாக்கிவிடாதீர்கள். ஹாதார்ன் ஆய்வு எல்லோருக்கும் தெரியும். விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது. நம்மை யாரோ கவனிக்கிறார்கள், மதிக்கிறார்கள் என்பதே அவர்களை உழைக்க வைத்தது. தையல் லைனுக்கும் இது பொருந்தாதா?

#8 பழைய_சங்கத்துக்காரன்

பொருந்தும், ஆனால் முழுக் கதையையும் சொன்னால்தான் பொருந்தும். இந்த ஹாதார்ன் கதையை எங்கள் மில்லுக்கு வந்த பயிற்சியாளர்களும் பாதிதான் சொல்வார்கள். கோவையில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான், சங்கத்தில் பொறுப்பில் இருந்தபோது இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலை, 1924-லிருந்து 1932 வரை பல சோதனைகள் நடந்தன. நீங்கள் சொன்ன விளக்குச் சோதனையின் பழைய எண்களைப் பிற்காலத்தில் ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எடுத்துப் பார்த்தபோது, ஊரெல்லாம் சொல்லும் அளவுக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை என்றுதான் வந்தது. டெலிபோன் ரிலே பூட்டும் அறையில் சில பெண்களைத் தனியாக உட்காரவைத்த சோதனைதான் பேர்போனது. அந்தப் பெண்களுக்கு அறைக்குள் வந்ததும் கூலி முறையே மாறியது. முன்பு பெரிய கூட்டத்தோடு சேர்த்துக் கணக்கிட்ட கூலி, அங்கே அந்தச் சின்னக் குழுவின் உற்பத்தியை வைத்தே கணக்கிடப்பட்டது. இடைவேளை கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தும் பார்த்தார்கள். நடுவில் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை வெளியே அனுப்பி வேறு இருவரை வைத்தார்கள். கவனித்ததால் மட்டுமே உற்பத்தி ஏறியது என்று இதைச் சுருக்கினால் எப்படி?

அதைவிட முக்கியமானது கடைசியில் நடந்த பேங்க் வயரிங் அறைச் சோதனை (டெலிபோன் சுவிட்ச் பாகங்களுக்கு வயர் இணைக்கும் இடம், வங்கி இல்லை). 1931-32-இல், 14 ஆண்கள். அதிகம் செய்தால் அதிகக் கூலி கிடைக்கும் முறைதான். ஆனாலும் அவர்கள் தங்களுக்குள் ஒரு அளவு வைத்துக்கொண்டு அதைத் தாண்டவில்லை. எவனாவது தாண்டினால் பக்கத்தில் இருப்பவன் தோளில் ஒரு குத்து விடுவான். இன்றைக்கு அதிகம் செய்துகாட்டினால் நாளைக்கு ரேட்டைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். பெரும் பொருளாதார மந்தம் நடந்த காலம், அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் மில்லிலும் இது அப்படியே நடந்தது. ஒரு ஆள் மெஷினில் கூடுதல் பக்கம் பார்த்துக்காட்டினார், பாராட்டினார்கள். கொஞ்ச நாளில் அதுவே எல்லோருக்கும் வொர்க்லோடு. அந்த ஆளோடு டீக்கடையில் யாரும் பேசவில்லை.

லைன்_இன்சார்ஜ் தம்பி, உங்களிடமும் கேட்கிறேன். அந்த முதல் மாதம் நன்றாக ஓடியபோது யாராவது 55-ஐ 60 ஆக்கலாம் என்று வாய்விட்டாரா?

#9 லைன்_இன்சார்ஜ்

முதலாளி ஃப்ளோரில் நின்றுகொண்டே சொன்னார். "இவ்வளவு சுலபமாக வருகிறதே, அடிமட்டத்தை ஏற்றலாம் போல" என்று. ஏற்றவில்லை. ஆனால் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

#10 சும்மா_வந்தவன்

கேஸ் முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

#11 டெபாசிட்_டார்கெட்

முடியவில்லை, நானும் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். வங்கியில் இருக்கிறேன், எந்த வங்கி என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு ஊக்கம் குறைவே இல்லை, அளவுக்கு மீறி ஏற்றுகிறார்கள். காலையில் வாட்ஸ்அப் குழுவில் எந்தக் கிளை எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி விற்றது என்று பட்டியல் வரும், கடைசியில் இருப்பவருக்கு சாயங்காலம் போன் வரும். விளைவு என்னவென்றால், நகைக்கடனுக்கு வரும் பெரியம்மாவிடம் ஒரு பாலிசியைத் தலையில் கட்டி அனுப்புகிறோம். எண் ஏறுகிறது, அதனால் எங்கள் பெர்ஃபார்மன்ஸ் பிரமாதம் என்று ஏட்டில் இருக்கும். அடுத்த பிரீமியத்துக்கு அந்தம்மா பணம் கட்டுவதில்லை, அது யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் இது எங்கே போய் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு கணக்கு, சேவை விற்க வேண்டும் என்று நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம், அதற்குள் 5,300 பேர் வரை வேலை போயிருந்தது. டார்கெட்டைப் போட்டவர்களைவிட கவுண்டரில் உட்கார்ந்தவர்கள்தான் முதலில் போனார்கள்.

அதனால் இன்சென்டிவ் போடும்போது எதை எண்ணுகிறோம் என்று பாருங்கள் சார். பீஸை மட்டும் எண்ணினால் பீஸ் வரும், டேமேஜும் சேர்ந்து வரும்.

#12 பேட்லாக்_அக்கா

இது நூற்றுக்கு நூறு உண்மை. இன்சென்டிவ் நாளில் செக்கிங் டேபிளில் போய் நின்று பாருங்கள், தையல் விட்டது, நூல் பிசிறு, கழுத்து இழுத்தது என்று ஆல்ட்டருக்குத் திரும்பி வரும் குவியல் தெரியும். அதைப் பிரித்துத் தைக்க ஆகும் நேரத்தை அடுத்த நாள் கணக்கில் சேர்ப்பார்கள். முந்தின நாள் காசு வாங்கியது ஒருத்தி, இன்றைக்குப் பிரித்துத் தைப்பது இன்னொருத்தி.

#13 கிளிநொச்சி_நிலா

இலங்கையில இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் யுத்தம் முடிந்த பிறகு கார்மெண்ட் பக்டரிகள் வந்தன, நானும் ஒன்றில் சில காலம் வேலை செய்தேன். நீங்கள் எல்லோரும் புரொடக்‌ஷன் இன்சென்டிவைப் பற்றியே கதைக்கிறீர்கள், அண்ணை போட்ட அட்டெண்டன்ஸ் போனஸை ஒருவரும் தொடவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இங்கே கட்டுநாயக்க ஏற்றுமதித் தொழில் வலயம் தொடங்கி எல்லா இடத்திலும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் ஒரு வழக்கம். அடிப்படைச் சம்பளம் குறைவு, அலவன்ஸோடு சேர்த்தால்தான் மாதம் ஓடும். ஒரு நாள் லீவு எடுத்தால் அலவன்ஸில் வெட்டு விழும், இன்னும் ஒரு நாள் எடுத்தால் முழுதும் போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், தனக்கே காய்ச்சல் என்றாலும் வேலைக்கு வந்து மெஷினில் தலையை வைத்துக்கொண்டு இருப்பார்கள். வரவுப் பதிவில் ஆள் இருக்கிறாள், லைனில் வேலை இல்லை. பிறகு, மாதத் தொடக்கத்திலேயே ஒரு லீவு விழுந்து அலவன்ஸ் போய்விட்டதென்றால், மிச்ச மாதத்துக்கு லீவு எடுக்க எந்தப் பயமும் இல்லை. போனது போய்விட்டது என்று தேவையான நாளெல்லாம் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அலவன்ஸ் என்று தராமல் அடிப்படையில் சேர்த்துத் தந்தால் அதற்கும் சேர்த்து கம்பெனி இ.பி.எஃப். (சேமலாப நிதி) கட்ட வேண்டி வரும். அதையும் யோசியுங்கள்.

#14 எண்ணும்_ஆள்

நிலா சொன்னதற்கு அப்படியே பொருந்துகிற ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு தொழில்முறை சலவைக் கம்பெனி, ஐந்து ஆலைகள். ஒரு ஆலையில் மட்டும், மாதம் முழுக்க அனுமதியில்லாத லீவும் தாமதமும் இல்லாமல் வந்தவர்கள் பெயரைக் குலுக்கலில் போட்டு ஒருவருக்கு 75 டாலர் பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். தாமதம் குறைந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் தகுதி இழந்தவுடன் ஆட்கள் பழையபடி தாமதமாக வந்தார்கள். தாமதமாகிவிட்டது என்று தெரிந்தால், சும்மா தாமதமாக வருவதற்குப் பதில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள், அனுமதித்த லீவு பரிசைப் பாதிக்காது என்பதால்.

எனக்கு உறைத்தது இதற்கு அடுத்தது. பரிசு வருவதற்கு முன்பே எப்போதும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள் அல்லவா, அவர்களுடைய வேலை வேகம் குறைந்தது. அவர்களிடம் யாரும் எதுவும் பிடுங்கவில்லை, திட்டவில்லை. நாம் வருடக்கணக்கில் ஒழுங்காக வந்ததற்கு மதிப்பு இல்லை, கூப்பனுக்காக இந்த மாதம் மட்டும் வந்தவனும் நாமும் ஒன்று என்று ஆனது, இது என் ஊகம். ஒவ்வொரு லைனிலும் இப்படி நாலைந்து பேர் இருப்பார்கள். லைன் ஓடுவதே அவர்களால்தான். இன்சென்டிவ் திட்டம் தீட்டும்போது அவர்களை யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் அவர்களால் பிரச்சினை இல்லை.

#15 துணிக்கடை_தம்பி

தி.நகரில் பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருந்தேன், கடை பெயர் வேண்டாம். எங்களுக்கும் விற்பனைக்கு ஏற்ப கமிஷன் உண்டு, அதனால் பட்டுப் பிரிவுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், உள்ளாடைப் பிரிவுக்குப் போட்டால் தண்டனை போல இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நாள் முழுக்க நிற்க வேண்டும், கூட்டம் இல்லாத மதியத்திலும் சாய்ந்தால்கூட ஃப்ளோர் மேனேஜர் முறைப்பார். 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள், கேரளா அதற்கு முன்பே செய்துவிட்டது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தால் முறைப்பது மட்டும் கொஞ்ச நாள் தொடர்ந்தது.

ஸ்டூல் வந்தபிறகு சாயங்காலக் கூட்டத்தில் எங்கள் முகமே வேறு. கால் வலிக்காத ஆள் நாலு புடவை கூடுதலாக எடுத்துக் காட்டுவான். இதற்கு ஊக்கம் என்று பேர் வைப்பீர்களோ என்னவோ தெரியாது.

#16 எண்ணும்_ஆள்

தம்பி சொன்னது போலவே பெங்களூரு கார்மெண்ட் ஆலைகளில் ஒன்று பார்த்திருக்கிறார்கள். மின்சாரச் செலவைக் குறைக்கத்தான் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள். எல்இடி சூடு குறைவாக விடும் என்பதால் வெயில் நாட்களில் லைன் உற்பத்தி பழையபடி விழவில்லை, மிச்சமான கரண்ட் பில்லைவிட அதில் கிடைத்த லாபம் பெரிதாக இருந்தது. ஏப்ரல் மே மாதம் திருப்பூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தைக்கும் ஆட்களிடம் ஊக்கத்தைத் தேடுகிறவர்கள் முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கலாம்.

#17 ஓஎம்ஆர்_ஹெச்ஆர்

எல்லாவற்றையும் ஃபேனிலும் ஸ்டூலிலும் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். மனசு என்று ஒன்று இல்லையா? எங்கள் பக்கம் எல்லா வசதியும் இருக்கிறது, ஏசி இருக்கிறது, நல்ல நாற்காலி இருக்கிறது, ஆனாலும் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள். பெல் கர்வ் (ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று கட்டாயமாகத் தரம் பிரிக்கும் முறை) இருந்த காலத்தில், பத்துப் பேர் குழுவில் எல்லோரும் நன்றாகச் செய்திருந்தாலும் யாராவது ஒருவரைக் கடைசியில் தள்ள வேண்டும், அதை நான்தான் உட்கார்ந்து அவரிடம் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டே 2013-இல் அந்த முறையைக் கைவிட்டது. அப்படித் தள்ளப்பட்டவர்களிடம் குறைந்தது வசதி இல்லை, நியாயம். அங்கீகாரம் முக்கியம் என்று நான் சொன்னது இதனால்தான்.

#18 பழைய_சங்கத்துக்காரன்

இது நல்ல பேச்சு. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், போட்டோ மாட்டச் சொன்னதற்குப் பதிலாக. நீங்கள் சொன்ன ஹெர்ஸ்பெர்க் பேட்டி எடுத்தது பிட்ஸ்பர்க் பக்கத்துப் பொறியாளர்களையும் கணக்கர்களையும், சுமார் 200 பேர். அவர்களுக்குச் சம்பளம் பெரிய கவலை இல்லை. வாரச் சம்பளத்தை நம்பி சனிக்கிழமை மளிகைக் கடன் அடைப்பவரைக் கேட்டிருந்தால் பட்டியலின் வரிசை வேறாக வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1914-இல் ஹென்றி ஃபோர்டு ஒரு நாளைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தாரே, அது தர்மம் இல்லை. அதற்கு முந்தின வருடம் ஆட்கள் வந்து போன விகிதம் 370 சதவீதம். ஒரு இடத்துக்கு வருடத்தில் மூன்று நான்கு பேரை எடுத்துக்கொண்டே இருந்தார்கள், பயிற்சி கொடுத்தே மாளவில்லை. கூலியை ஏற்றினார், ஆட்கள் தங்கினார்கள். அந்த ஐந்து டாலரில் பாதியை வாங்க வீட்டில் ஒழுக்கமாக இருக்கிறானா என்று கம்பெனி ஆளே வந்து சோதிப்பான், அது தனிக் கொடுமை. திருப்பூரிலும் சனிக்கிழமை சம்பளம் வாங்கி திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போவது சாதாரணம். அங்கே 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஊருக்கே தெரியும். பஞ்சப்படி என்பது விலைவாசி ஏறினால் தானாக ஏற வேண்டிய காசு, யார் பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும். அடிப்படை நின்றபிறகுதான் இன்சென்டிவ்.

#19 லைன்_இன்சார்ஜ்

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். அக்கா சொன்னதைக் கேட்டு ஒவ்வொரு லைனிலும் ஒரு நோட்டுப் போட்டேன். லைன் நின்றால் எதற்கு நின்றது, எவ்வளவு நேரம் என்று சூப்பர்வைசர் எழுத வேண்டும். டெய்லரைக் குற்றம் சொல்லும் பத்தியே அதில் கிடையாது.

பெரும்பாலான நாள் ஒரு மணி நேரத்துக்கு மேலே நின்றிருக்கிறது. முதலிடம் கட்டிங் வராதது, அடுத்து ஸ்டைல் மாற்றும்போது மெஷின் செட்டிங், அப்புறம் லேபிள், பட்டன் மாதிரி சாமான்கள். மெஷின் ரிப்பேர் நான் நினைத்ததைவிடக் குறைவு. கரண்ட் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. ஆட்கள் பாத்ரூம் போய் நேரம் கடத்துகிறார்கள் என்று முதலாளி சொல்வாரே, அதற்குத் தனியாக எழுதச் சொன்னேன், எழுதும் அளவுக்கு எதுவும் வரவில்லை.

நோட்டை முதலாளியிடம் காட்டினேன். முதலில் கோபம், கட்டிங் மாஸ்டர் அவருடைய சொந்தக்காரர் வேறு. அப்புறம் பேச்சாளரை வைகாசிக்குத் தள்ளிவைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. நான் கேட்டிருப்பது மூன்று. லைன் சும்மா நின்ற நேரத்தை எஃபிஷியன்சி கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். ஸ்டைல் மாறிய முதல் இரண்டு நாளுக்கு அடிமட்டத்தைக் குறைக்க வேண்டும். செக்கிங்கில் பாஸான பீஸை மட்டும் எண்ண வேண்டும். அட்டெண்டன்ஸ் போனஸைப் பற்றி இன்னும் பேசவில்லை, நிலா சொன்னதைப் படித்தபிறகு அதை முழு மாதம் என்று வைக்காமல் வாரக் கணக்கில் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

#20 ஓஎம்ஆர்_ஹெச்ஆர்

ஒரு ஓட்டை இருக்கிறது. நின்ற நேரத்தைக் கழித்தால், சூப்பர்வைசர் தினமும் நின்றது நின்றது என்று எழுதி எஃபிஷியன்சியை ஏற்றிவிடுவார். அவருக்கும் இன்சென்டிவில் பங்கு இருக்கும்தானே?

#21 பேட்லாக்_அக்கா

எழுதுவார், நானே எழுதுவேன். அதனால் கட்டிங் ஆளும் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வையுங்கள். அவர் சும்மா போடமாட்டார், தன் தலையில் விழும் என்று சண்டை பிடிப்பார். அந்தச் சண்டை நடக்கட்டும், இத்தனை நாள் அது டெய்லர் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தால் பேக்கிங் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் தம்பி, வாரக் கணக்கில் வையுங்கள், ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு காட்டினால் வெட்டாதீர்கள். ஆல்ட்டர் வந்தால் தைத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள், நேரத்தை அவர் கணக்கிலேயே வையுங்கள். பண்டல் டிக்கெட் (பீஸ் கட்டோடு போகும் சீட்டு) ஒழுங்காக இருந்தால் யார் தைத்தது என்று தெரியும். டிக்கெட் இருக்கிறதா உங்களிடம்?

#22 லைன்_இன்சார்ஜ்

இருக்கிறது அக்கா, யாரும் எழுதுவதில்லை.

#23 பழைய_சங்கத்துக்காரன்

இன்னும் ஒன்று, இது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். இந்த அடிமட்டத்தை இத்தனை காலத்துக்கு ஏற்றமாட்டோம் என்று எழுதி, முதலாளி கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். தமிழில் ஒட்டுங்கள், இந்தியில் ஒட்டுங்கள், ஒடியாவில் ஒட்டுங்கள், உங்கள் லைனில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள் படிக்கும் மொழியில். ஃப்ளோரில் வாயால் சொன்னதை வாயாலேயே திரும்ப எடுக்க முடியாது.

#24 லைன்_இன்சார்ஜ்

அதைக் கேட்டேன் ஐயா. "எழுதிக் கொடுத்தால் நாளைக்கு இதையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள்" என்கிறார். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று போடலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

#25 சும்மா_வந்தவன்

பேச்சாளரை அவருக்கு மட்டும் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.